கிளான்வில்லியம்: ரோய்போஸ் விளையும் சிறுநகரம்

கிளான்வில்லியம் என்பது தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் மாகாணத்தில் உள்ள ஒரு வேளாண் சிறுநகரம் ஆகும். இது கேப் டவுன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தொலைவில், செடர்பெர்க் மலைத்தொடரின் மேற்கு அடிவாரத்தில், ஒலிஃபன்ட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. 2011 ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கு வாழ்ந்தோரின் எண்ணிக்கை எட்டாயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலோரின் தாய்மொழி ஆஃப்ரிகான்ஸ்.

இவ்வளவு சிறிய ஊரை உலகம் அறிந்திருப்பதற்குக் காரணம் ரோய்போஸ் என்னும் ஒரு செடி. அதன் இலையைப் பதப்படுத்திக் கிடைக்கும் செந்நிறப் பானம் இன்று பல நாடுகளில் தேநீருக்கு மாற்றாக அருந்தப்படுகிறது. இந்தச் செடி இயற்கையாக வளர்வது செடர்பெர்க் மலையிலும் அதை ஒட்டிய சில வட்டாரங்களிலும் மட்டுமே. பிற நாடுகளில் இதை வணிக அளவில் பயிரிடச் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை. எனவே உலகில் எங்கு ஒரு கோப்பை ரோய்போஸ் அருந்தப்பட்டாலும், அதன் இலை இந்தப் பகுதியில் விளைந்ததாகவே இருக்கும்.

ஒரே இடத்தில் விளைவதால் அதன் பயன் முழுவதும் அங்கேயே தங்கிவிடும் என்று கருதத் தோன்றும். உண்மை நிலை அவ்வாறில்லை. நிலம் யாரிடம் உள்ளது, கூலி எவ்வளவு, இலை எங்கே பொட்டலமாகிறது, பெயர் யாருக்குச் சொந்தம், செடியின் பயனை முதலில் அறிந்தவர்கள் யார் ஆகிய கேள்விகளே வருவாய் யாருக்குச் சேரும் என்பதைத் தீர்மானித்துள்ளன. கிளான்வில்லியத்தின் பொருளாதார வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விகளின் வரலாறு ஆகும்.

அமைவிடமும் தட்பவெப்பமும்

கேப் டவுனிலிருந்து நமீபியா எல்லை வரை செல்லும் என்-7 நெடுஞ்சாலை கிளான்வில்லியத்தின் அருகே செல்கிறது. ஊருக்குக் கிழக்கே செடர்பெர்க் மலை செங்குத்தான மணற்பாறைகளாக உயர்கிறது. மேற்கே நிலம் படிப்படியாகத் தாழ்ந்து, சான்ட்ஃபெல்ட் எனப்படும் மணற்பரப்பாகி, அட்லாண்டிக் கடற்கரையில் முடிகிறது.

இங்கு மழை பெய்வது குளிர்காலத்தில். தென் அரைக்கோளம் என்பதால் குளிர்காலம் மே முதல் ஆகஸ்ட் வரை அமைகிறது. ஊரில் ஆண்டு மழை ஏறத்தாழ 200 மில்லிமீட்டர்தான். மலைமேல் இதைவிட அதிகம். கோடைக்காலமான டிசம்பர் முதல் மார்ச் வரை மழை மிகவும் அரிது. அந்த மாதங்களில் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டும் நாட்களும் உண்டு.

மண் பெரும்பாலும் அமிலத்தன்மை கொண்ட மணல், சத்து குறைந்தது. கோதுமைக்கோ மக்காச்சோளத்துக்கோ ஏற்றதன்று. ஆனால் ஃபைன்போஸ் எனப்படும் கேப் பகுதிக்கே உரிய புதர்த் தாவரங்கள் இத்தகைய மண்ணில் செழிக்கின்றன. ரோய்போஸ் அவற்றுள் ஒன்று.

ஊரின் வரலாறு

இப்பகுதியின் மிகப் பழைய குடிகள் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த சான் மக்கள். அவர்கள் வரைந்த ஓவியங்கள் செடர்பெர்க் மலையின் பாறை ஒதுங்கிடங்களில் இன்றும் காணப்படுகின்றன. பின்னர் ஆடு, மாடு மேய்க்கும் கோய் மக்களும் இங்கு வாழ்ந்தனர்.

1652 ஆம் ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப் பகுதியில் குடியேற்றத்தைத் தொடங்கியது. 1660 ஆம் ஆண்டின் இறுதியில் யான் டான்கெர்ட் என்பவரின் தலைமையில் வடக்கு நோக்கி வந்த குழுவினர், இந்த ஆற்றங்கரையில் பெரும் யானைக் கூட்டத்தைக் கண்டனர். யானைகள் என்று பொருள்படும் ஒலிஃபன்ட்ஸ் என்னும் பெயர் ஆற்றுக்கு அப்படி வந்தது. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் காட்டு யானைகள் இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் டச்சு உழவர்கள் பள்ளத்தாக்கில் நிலங்களைக் கைக்கொண்டனர். 1713 ஆம் ஆண்டின் பெரியம்மை கேப் பகுதியின் கோய் மக்களில் பெருந்தொகையினரைக் கொன்றது. எஞ்சியவர்கள் மேய்ச்சல் நிலத்தையும் நீர்நிலைகளையும் இழந்து, பண்ணைகளில் வேலையாட்களாயினர். சான் மக்கள் வேட்டையாடப்பட்டும் விரட்டப்பட்டும் குறைந்து போயினர்.

ஊர் முதலில் யான் டிசல்ஸ்ஃப்ளேய் எனப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில், 1814 ஆம் ஆண்டில், ஆளுநர் சர் ஜான் கிரேடாக் தம் மாமனாரான கிளான்வில்லியம் பிரபுவின் பெயரை இதற்குச் சூட்டினார். 1820 ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து ஒரு குழுவினர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்குக் கிடைத்த நிலம் போதுமானதாக இல்லை. பெரும்பாலோர் விரைவிலேயே வேறிடம் பெயர்ந்தனர்.

இந்த மலைக்குப் பெயர் தந்த செடர் மரத்தின் கதியும் குறிப்பிடத்தக்கது. கிளான்வில்லியம் செடர் எனப்படும் இம்மரம் இந்த மலைத்தொடருக்கே உரியது. வீடு கட்டவும் மரச்சாமான்கள் செய்யவும் தந்திக் கம்பங்கள் நடவும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டது. அதன்பின் அடிக்கடி பரவிய காட்டுத் தீயால் மேலும் அழிந்தது. இன்று அது மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. ஒரே இடத்தில் வளரும் மரம் ஒன்று அழிவின் விளிம்புக்குச் சென்ற அதே மலையில்தான், ஒரே இடத்தில் வளரும் செடி ஒன்று பயிராக மாறியது.

ரோய்போஸ் செடி

ரோய்போஸ் என்பதற்கு ஆஃப்ரிகான்ஸ் மொழியில் சிவப்புப் புதர் என்று பொருள். இதன் தாவரவியல் பெயர் அஸ்பாலதஸ் லீனியாரிஸ். தேயிலைக்கும் இதற்கும் உறவு இல்லை. இது துவரை, கொள்ளு, அவரை ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலைகள் ஊசிபோல் மெல்லியவை. பூக்கள் சிறியவை, மஞ்சள் நிறமானவை. செடி பச்சையாகவே இருக்கும். நறுக்கிப் புழுங்க வைத்த பின்னரே சிவப்பு நிறம் வருகிறது.

அவரைக் குடும்பச் செடி என்பதால், இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரசனைச் செடிக்குச் சத்தாக மாற்றித் தருகின்றன. சத்தற்ற மணலில் இது வளர்வதற்கு இதுவே முதல் காரணம். மண்ணில் ஆழமாக இறங்கும் ஆணிவேர் இரண்டாவது காரணம். கோடை முழுவதும் மேல்மண் காய்ந்து கிடக்கும்போதும், அடியில் தங்கிய குளிர்கால மழையின் ஈரத்தை அந்த வேர் எட்டிவிடும்.

ரோய்போஸ் பானத்தில் காஃபீன் இல்லை. துவர்ப்பைத் தரும் டானின் தேநீரில் இருப்பதைவிடக் குறைவு. தூக்கம் கெடும் என்று அஞ்சித் தேநீரைத் தவிர்ப்போரும் இதை அருந்துகின்றனர். இதற்கு உலகச் சந்தை உருவானதில் இந்தப் பண்புக்குப் பெரும் பங்கு உண்டு.

காட்டுச் செடி பயிரான விதம்

செடர்பெர்க் பகுதி மக்கள் நெடுங்காலமாகக் காட்டிலிருந்து இந்தச் செடியை வெட்டி வந்து, கோடாரியால் நறுக்கி, மரச் சுத்தியலால் தட்டி, குவித்துப் புழுங்க வைத்து, வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தினர். இன்றைய ஆலைகளில் நடப்பதும் அடிப்படையில் இதே முறைதான். கோடாரியின் இடத்தில் இயந்திரம் வந்துள்ளது.

1904 ஆம் ஆண்டில், ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூத வணிகரான பெஞ்சமின் கின்ஸ்பெர்க், மலைவாழ் மக்களிடமிருந்து உலர்ந்த இலையை வாங்கி வெளியூர்களில் விற்கத் தொடங்கினார். காட்டிலிருந்து கிடைப்பது மட்டும் வணிகத்துக்குப் போதவில்லை. பயிரிட்டாக வேண்டும், ஆனால் விதை முளைக்க மறுத்தது.

இந்தச் சிக்கலைத் தீர்த்தவர் கிளான்வில்லியத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பீட்டர் லெ ஃப்ராஸ் நோர்ட்டியர். 1930 ஆம் ஆண்டையொட்டி, உழவரான ஓலோஃப் பெர்க் என்பவருடன் சேர்ந்து அவர் ஆய்வுகளை மேற்கொண்டார். விதையின் தோல் மிகவும் கடினமானது. அதை அரைகற்களுக்கிடையே இட்டு இலேசாக உராய்ந்துவிட்டால் நீர் உள்ளே புகுந்து முளைக்கும் என்று கண்டறிந்தார். இந்தப் பணிக்காக ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் 1948 ஆம் ஆண்டில் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

விதை சேகரிப்பதும் எளிதாக இல்லை. காய் முதிர்ந்ததும் வெடித்து, கடுகளவான விதை மணலில் சிதறிவிடும். நோர்ட்டியர் விதை கொண்டு வருவோருக்குப் பணம் கொடுத்தார். கோய் இனப் பெண் ஒருவர் மட்டும் மற்றவர்களைவிட மிக அதிகமாக விதை கொண்டு வந்தார் என்றும், எறும்புகள் விதைகளை இழுத்துச் சென்று புற்றில் சேர்ப்பதை அவர் கவனித்து அங்கிருந்து எடுத்தார் என்றும் இப்பகுதியில் சொல்லப்படுகிறது. ரோய்போஸ் தொழிலின் வரலாறு கூறும் நூல்களில் மருத்துவரின் பெயரும் வணிகரின் பெயரும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்தப் பெண்ணுக்குப் பொதுவாகப் பெயர் சொல்லப்படுவதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது இலங்கை முதலிய ஆசிய நாடுகளிலிருந்து தேயிலை வருவது தடைப்பட்டதால் ரோய்போஸுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. போர் முடிந்ததும் கப்பல்கள் மீண்டும் வந்தன. ரோய்போஸ் விலை சரிந்தது. அந்தச் சரிவைத் தாங்குவதற்காக உழவர்கள் 1948 ஆம் ஆண்டில் கிளான்வில்லியம் தேயிலைக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். 1954 ஆம் ஆண்டில் அரசு ஒரு கட்டுப்பாட்டு வாரியத்தை ஏற்படுத்தியது. விளைந்த இலை முழுவதும் அந்த வாரியத்தின் வழியாகவே விற்பனையானது. 1993 ஆம் ஆண்டில் வாரியம் கலைக்கப்பட்டு ரோய்போஸ் லிமிடெட் என்னும் நிறுவனமாக மாறியது. ஊரிலேயே அமைந்துள்ள அதன் ஆலை இத்தொழிலில் முதன்மையானது.

பயிரிடும் முறையும் பதப்படுத்தலும்

ரோய்போஸ் பெரும்பாலும் மானாவாரிப் பயிர். குளிர்கால மழையை நம்பியே இது விளைகிறது. ஓர் உழவரின் பணிகள் பின்வரும் வரிசையில் அமைகின்றன.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நாற்றங்காலில் விதைக்கின்றனர். நாற்றுகளை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, மண் நனைந்திருக்கும் நாட்களில், வரிசையாக நடுகின்றனர். அந்த ஆண்டு மழை பிந்தினாலோ பொய்த்தாலோ நாற்றில் பாதி அங்கேயே கருகிவிடும். முதல் முழு அறுவடைக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஐந்தாறு ஆண்டுகளில் செடி வலுவிழந்துவிடும். அப்போது அதை உழுது, மண்ணைத் தேற்றுவதற்காக ஓட்ஸ் போன்ற பயிர்களை இட்டு, பிறகு மீண்டும் நடுகின்றனர்.

அறுவடை ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடக்கிறது. அது கடும் கோடை. தொழிலாளர்கள் குனிந்து, தரையிலிருந்து ஓரடி அளவு விட்டு, அரிவாளால் கிளைகளை அறுத்துக் கட்டுகளாகக் கட்டுகின்றனர். சில பண்ணைகளில் இயந்திரம் வந்துவிட்டாலும் மலைச்சரிவுகளில் கை அறுவடைதான்.

கட்டுகள் தேயிலைக் களத்துக்கு வந்ததும் சில மில்லிமீட்டர் அளவுத் துண்டுகளாக நறுக்கப்படுகின்றன. பின்னர் நீர் தெளித்து, உருளைகளால் நசுக்கி, நீண்ட குவியல்களாக இட்டு, ஓரிரவு புழுங்க விடுகின்றனர். நசுங்கிய இலைச்சாறு காற்றுடன் வினைபுரிவதால் பச்சை நிறம் செம்பழுப்பாக மாறுகிறது. இனிய மணமும் எழுகிறது. எப்போது குவியலைக் கலைக்க வேண்டும் என்பதைக் களத்துப் பொறுப்பாளர் அந்த மணத்தைக் கொண்டே அறிந்துகொள்வார். சற்று முந்தினால் நிறம் தேறாது. பிந்தினால் சுவை கெடும்.

காலையில் குவியலைச் சிமெண்டுக் களத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலில் காயவிடுகின்றனர். காய்ந்த இலையை வாரி, ஆலைக்கு அனுப்புகின்றனர். அங்கே சலித்து, தரம் பிரித்து, கிருமிகள் நீங்க நீராவியால் சுத்தம் செய்கின்றனர். புழுங்க விடாமல் உடனே உலர்த்தினால் கிடைப்பது பச்சை ரோய்போஸ் எனத் தனி வகையாக விற்கப்படுகிறது.

மழையும் விலையும்

ரோய்போஸ் விலை நிலையாக இருப்பதில்லை. இதற்குக் காரணம் செடியின் வளர்ச்சிக் காலத்திலேயே உள்ளது. வறட்சி வந்தால் விளைச்சல் குறைந்து விலை ஏறுகிறது. ஏறிய விலையைக் கண்டு எல்லோரும் புதிதாக நடுகின்றனர். நட்ட செடி பலன் தர ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் ஆகும். அப்போது எல்லோருடைய அறுவடையும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வர, விலை சரிகிறது. சரிந்த விலையில் நட்டப்பட்டவர்கள் செடியைப் பிடுங்குகின்றனர். அடுத்த வறட்சியில் மீண்டும் அதே சுழற்சி தொடங்குகிறது.

பெரிய பண்ணையாளர் இலையைக் கிடங்கில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்க முடியும். அவரிடம் ஆரஞ்சுத் தோட்டமோ உருளைக்கிழங்கு வயலோ வேறு வருவாயாக இருக்கும். ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. விலை ஏறும்போது விற்க அவரிடம் இலை குறைவு. இலை நிறையும்போது விலை இல்லை.

2015 முதல் 2018 வரை மேற்கு கேப் மாகாணத்தை வாட்டிய கடும் வறட்சியில் ரோய்போஸ் வயல்களும் பாதிக்கப்பட்டன. தட்பவெப்ப மாற்றத்தால் இப்பகுதி மேலும் வெப்பமாகவும் வறட்சியாகவும் ஆகக்கூடும் என அறிவியலாளர்கள் கணிக்கின்றனர். வேறிடத்தில் வளராத ஒரு செடிக்கு இது பெரிய அச்சுறுத்தல். காட்டு ரோய்போஸில் சில வகைகள் தீயில் கருகிய பின்னும் வேரிலிருந்து துளிர்ப்பவை. வறட்சியையும் நன்கு தாங்குபவை. அவற்றைப் பாதுகாப்பது எதிர்காலத்துக்கான காப்பீடு எனக் கருதப்படுகிறது.

நிலமும் உழைப்பும்

கிளான்வில்லியம் பகுதி மக்களில் பெரும்பான்மையினர் தென்னாப்பிரிக்காவில் கலர்டு எனப்படும் கலப்பின மக்கள். கோய், சான் மக்களும், ஐரோப்பியரும், டச்சுக் கம்பெனி கிழக்கு ஆப்பிரிக்கா, இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகிய இடங்களிலிருந்து அடிமைகளாகக் கொண்டு சென்றவர்களும் கேப் பகுதியில் கலந்து உருவான சமூகம் இது. வெள்ளையர் எண்ணிக்கையில் குறைவு. ஆயினும் வேளாண் நிலத்தின் பெரும்பகுதி அவர்களிடமே உள்ளது. ரோய்போஸ் விளைச்சலில் கலப்பினச் சிறு உழவர்களின் பங்கு மிகச் சிறியது.

இன ஒதுக்கல் ஆட்சி ஊரின் அமைப்பிலும் தடம் பதித்துள்ளது. 1950 ஆம் ஆண்டின் குழுவாரிக் குடியிருப்புச் சட்டம் ஒவ்வோர் இனத்தாருக்கும் தனிக் குடியிருப்பை வகுத்தது. 1991 ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் இத்தகைய சிறுநகரங்களில் முதன்மைத் தெருவை ஒட்டிய நிழல் மரங்களும் பழைய வீடுகளும் ஒருபுறமும், நெருக்கமான சிறு வீடுகளும் தகரக் குடிசைகளும் கொண்ட புறநகர் மறுபுறமும் இருக்கும் நிலை மாறவில்லை.

பண்ணை வேலை பெரும்பாலும் பருவ வேலை. அறுவடை மாதங்களில் வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வருகின்றனர். மற்ற மாதங்களில் வேலை கிடைப்பது அரிது. அப்போது முதியோர் உதவித்தொகையும் குழந்தைகளுக்கான உதவித்தொகையுமே பல குடும்பங்களைத் தாங்குகின்றன. அரசு உதவித்தொகை வரும் நாட்களில் கடைத்தெருவில் கூட்டம் கூடுவது தென்னாப்பிரிக்கச் சிறுநகரங்களின் பொதுக் காட்சி.

மேற்கு கேப் மாகாணத்தின் மற்றொரு சிறுநகரமான டி டோர்ன்ஸ், திராட்சை விளையும் ஊர். 2012 ஆம் ஆண்டின் இறுதியில் அங்குத் தொடங்கிய பண்ணைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. அப்போது சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 69 ராண்டு. போராட்டத்தின் பயனாக 2013 மார்ச் முதல் அது 105 ராண்டாக உயர்ந்தது. 2019 ஆம் ஆண்டில் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 20 ராண்டு என நடைமுறைக்கு வந்தபோது, பண்ணைத் தொழிலாளருக்கு மட்டும் 18 ராண்டு என்று குறைத்து வகுக்கப்பட்டது. 2021 ஆம் ஆண்டில்தான் அந்த வேறுபாடு நீங்கியது. கூலி உயரும்போது சில பண்ணையாளர்கள் நிலையான வேலையாட்களைக் குறைத்துப் பருவ ஆட்களையே நாடுவதும், பண்ணை வீடுகளில் வாழ்ந்தவர்கள் ஊரின் புறநகருக்குக் குடிபெயர்வதும் தொடரும் சிக்கல்கள்.

வுப்பெர்த்தால்: சிறு உழவர்களின் ஊர்

கிளான்வில்லியத்திலிருந்து மலைப்பாதையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் சென்றால் வுப்பெர்த்தால் என்னும் சிற்றூரை அடையலாம். ஜெர்மானியக் கிறித்தவச் சமயப் பணியாளர்கள் 1830 ஆம் ஆண்டில் இதை நிறுவினர். அடிமை முறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற பலர் இங்கு வந்து குடியேறினர். இங்கு நிலம் திருச்சபைக்கு உரியது. குடும்பங்கள் சிறு துண்டுகளைப் பயிரிட்டு வருகின்றன. ஆனால் நிலப் பட்டா தங்கள் பெயரில் இல்லாததால் அதை ஈடாக வைத்து வங்கிக் கடன் பெறுவது கடினம்.

இந்த ஊராரும், வடக்கே நியூவுட்வில் அருகே ஹைஃபெல்ட் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்த சிறு உழவர்களும், நியாய வணிகம் என்னும் சான்றிதழ் முறையின் வழியாக ஐரோப்பியக் கொள்முதலாளர்களுக்கு நேரடியாக விற்க முற்பட்டனர். அளவு சிறிதாயினும் விலை கூடுதலாகக் கிடைத்தது.

2018 டிசம்பர் 30 அன்று வுப்பெர்த்தாலில் பரவிய தீயில் ஐம்பது வீடுகள் அளவில் எரிந்து போயின. ஓலைக் கூரையும் வெள்ளைச் சுவரும் கொண்ட பழைய வீடுகள் பல அவற்றுள் அடங்கும். மீண்டும் கட்டுவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

பெயர் யாருக்குச் சொந்தம்?

1994 ஆம் ஆண்டில் ரோய்போஸ் என்னும் சொல் அமெரிக்காவில் தனியார் வணிகக் குறியாகப் பதிவு செய்யப்பட்டது. இதனால் தென்னாப்பிரிக்க உற்பத்தியாளர்கள் தங்கள் செடியின் பெயரைத் தாங்களே அந்நாட்டில் பயன்படுத்தித் தடையின்றி விற்க முடியாத நிலை ஏற்பட்டது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின் 2005 ஆம் ஆண்டில் அந்தப் பதிவு கைவிடப்பட்டது.

இந்தப் பட்டறிவு புவிசார் குறியீட்டின் தேவையை உணர்த்தியது. 2021 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் ரோய்போஸை, தோற்றுவாய் காக்கப்பட்ட பெயர்களின் பட்டியலில் சேர்த்தது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தத் தகுதியைப் பெற்ற முதல் உணவுப்பொருள் இதுவாகும். வரையறுத்த பகுதியில் விளைந்த இலையை மட்டுமே இனி அங்கு அந்தப் பெயரில் விற்கலாம்.

பெயர் காக்கப்பட்டாலும் மதிப்புக் கூட்டும் வேலை பெரும்பாலும் வெளிநாட்டில்தான் நடக்கிறது. ஏற்றுமதியாகும் இலையில் பெரும்பகுதி மூட்டைகளாகவே கப்பலேறுகிறது. ஜெர்மனி போன்ற நாடுகளில் அதை நறுமணங்களுடன் கலந்து, சிறு பைகளில் இட்டு, வண்ணப் பெட்டிகளில் அடைக்கின்றனர். கடையில் வாங்குபவர் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு இந்தக் கட்டத்தில்தான் சேர்கிறது.

மரபறிவுக்கான பங்கு

செடியின் பயனை முதலில் அறிந்தவர்கள் கோய், சான் மக்கள் என்றால், அந்த அறிவால் வளர்ந்த தொழிலில் அவர்களுக்குப் பங்கு வேண்டாமா என்னும் கேள்வி 2010 ஆம் ஆண்டில் முறையாக எழுப்பப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் 2004 ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம், மரபறிவைப் பயன்படுத்துவோர் அதன் உரிமையாளருடன் பயனைப் பகிர வேண்டும் எனக் கூறுகிறது. 2010 ஆம் ஆண்டில் உருவான நகோயா நெறிமுறை என்னும் பன்னாட்டு உடன்பாடும் அதையே வலியுறுத்துகிறது.

தொழில்துறையினர் முதலில் இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. பயிரிடும் முறையையும் சந்தையையும் உருவாக்கியவர்கள் தாங்களே என்பது அவர்களின் வாதம். அரசு நடத்திய ஆய்வு, இந்த மரபறிவு கோய், சான் மக்களுக்கு உரியது எனக் கொள்ளத்தக்கது என்று 2014 ஆம் ஆண்டில் முடிவு கூறியது. ஒன்பது ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2019 நவம்பரில் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அதன்படி, பதப்படுத்தும் நிறுவனங்கள் உழவரிடமிருந்து வாங்கும் இலையின் கொள்முதல் மதிப்பில் 1.5 விழுக்காட்டை ஆண்டுதோறும் சான் மக்களின் அமைப்புக்கும் கோய் மக்களின் அமைப்புக்கும் சரிபாதியாக வழங்க வேண்டும். 2022 ஆம் ஆண்டில் முதல் தவணையாக 1.22 கோடி ராண்டு வழங்கப்பட்டது. ஒரு தொழில்துறை முழுவதும் சேர்ந்து இவ்வாறு பயன்பகிர்வுக்கு உடன்பட்டது உலகில் முன்னோடி நிகழ்வாகக் கருதப்படுகிறது.

இந்தப் பங்கின் அளவை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கிலோ இலையை உழவர் 30 ராண்டுக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 1.5 விழுக்காடு என்பது 45 சென்ட். ஒரு கிலோ இலையில் நூற்றுக்கணக்கான தேநீர்ப் பைகள் கிடைக்கும். கணக்கிடப்படுவது கடை விலையின் மீதன்று, கொள்முதல் விலையின் மீது என்பதால், வெளிநாட்டில் கூடும் மதிப்பு இந்தக் கணக்கில் வருவதில்லை.

உள்ளூரில் வேறொரு கேள்வியும் எழுந்தது. சான், கோய் அமைப்புகள் நாடு தழுவியவை. வுப்பெர்த்தால் போன்ற ஊர்களில் இன்றும் ரோய்போஸை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அந்தப் பணம் எந்த வழியில் வந்து சேரும் என்பதே அது. செடர்பெர்க் பகுதியின் பழங்குடி வழித்தோன்றல் உழவர்களும் பயன்பெறுவோராக உடன்பாட்டில் சேர்க்கப்பட்டனர்.

நீரும் பிற தொழில்களும்

ஒலிஃபன்ட்ஸ் ஆற்றின் குறுக்கே ஊருக்கு அருகில் கட்டப்பட்ட கிளான்வில்லியம் அணை 1935 ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. அதன் நீர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஃப்ரெடென்டால் வரையிலான திராட்சைத் தோட்டங்களுக்குக் கால்வாய்களில் செல்கிறது. அணைச் சுவரை 13 மீட்டர் உயர்த்தும் பணி தொடங்கியும் பல ஆண்டுகள் தாமதமாகி வருகிறது. அது முடிந்தால் கிடைக்கும் கூடுதல் நீரில் ஒரு பகுதியைப் புதிய கறுப்பின, கலப்பின உழவர்களுக்கு ஒதுக்குவது நோக்கங்களுள் ஒன்று. ஆகவே தாமதம் வெறும் கட்டுமானச் சிக்கல் அன்று. நிலம் பெற்றும் நீருக்காகக் காத்திருப்போரின் சிக்கலும் ஆகும்.

ஆற்றங்கரையில் ஆரஞ்சு வகைப் பழங்கள் பெருமளவில் விளைகின்றன. மேலே உள்ள சிட்ரஸ்டால் ஊரின் பெயரே அதைக் கூறும். மேற்கே சான்ட்ஃபெல்ட் மணற்பகுதியில் நிலத்தடி நீரைக் கொண்டு உருளைக்கிழங்கு பயிரிடப்படுகிறது. வறட்சிக்கு நேர்மாறாக வெள்ளமும் வருவதுண்டு: 2023 ஜூன் மாதப் பெருமழையில் ஆறு பெருகி, சிட்ரஸ்டாலுக்குச் செல்லும் சாலைகள் துண்டிக்கப்பட்டன.

குளிர்கால மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், ஆகஸ்ட் இறுதியிலும் செப்டம்பரிலும் வறண்ட நிலமெங்கும் காட்டுப்பூக்கள் மலர்கின்றன. அந்தச் சில வாரங்களில் ஊரின் விடுதிகள் நிரம்பிவிடும். பாறை ஓவியங்களைக் காணவும் மலையேறவும் மற்ற மாதங்களிலும் பயணிகள் வருகின்றனர். ஆஃப்ரிகான்ஸ் மொழிக் கவிஞரும் மருத்துவருமான சி. லூயி லைபோல்ட் இந்த ஊரில் வளர்ந்தவர். 1947 ஆம் ஆண்டில் மறைந்த அவரது அஸ்தி ஊருக்கு அருகிலுள்ள பக்ஹெய்ஸ் கணவாயில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. ஊரில் உள்ள பழைய சிறைச்சாலை இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

இன்றைய நிலை

ரோய்போஸ் பெயர் காக்கப்பட்டுள்ளது. மரபறிவுக்கு ஒரு பங்கு வகுக்கப்பட்டுள்ளது. பண்ணைக் கூலி மற்ற தொழில்களின் குறைந்தபட்சக் கூலிக்கு இணையாகியுள்ளது. இவை மூன்றும் கடந்த இருபது ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தவை. நிலப்பகிர்வு, அணை நீர், உள்ளூரிலேயே பொட்டலமிடும் தொழில் ஆகிய மூன்றிலும் மாற்றம் மெதுவாகவே நடைபெறுகிறது.

ஓர் ஊருக்கு மட்டுமே உரிய விளைபொருள் இருந்தால் போதாது என்பதைக் கிளான்வில்லியம் காட்டுகிறது. அந்தப் பொருளை விளைவிப்பவர், அறுப்பவர், அதன் பயனை முதலில் அறிந்தவர் ஆகிய மூவருக்கும் உரிய பங்கு சட்டத்திலும் சந்தையிலும் உறுதி செய்யப்படும்போதுதான் அது ஊரின் செல்வமாகிறது.